பரமுவின் பெட்டிக்குச் சந்தனப் பரீட்சை

என் தம்பி பரமசிவத்தைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் கடைசியில் என் கடை வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். தேக்கா மார்க்கெட்டில் அரைத்த மசாலா விற்கும் கண்மணி என்று கேட்டால் மீன்காரர்கூட விரல் நீட்டிக் காட்டுவார். "உங்க தம்பி சின்ன வயசுலேயே பெரிய மூளைக்காரராமே?" என்பார்கள். எனக்குச் சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும். மூளையாம் மூளை! நான் ஆசை ஆசையாக வாங்கி வைத்த ரேடியோவைப் பிரித்துப் பாய் முழுக்கப் பரப்பிவிட்டு, திரும்பப் பூட்டும்போது கைநிறையத் திருகாணியை மிச்சம் வைத்தவன் அவன். அடிக்கக் கை ஓங்கினேன். அதற்குள் அந்த ரேடியோ முன்னைவிடக் கணீரென்று பாட ஆரம்பித்துவிட்டது. ஓங்கிய கையை என்ன செய்வது? தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுச் சோறு போட்டேன்.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. அம்மாவும் அதிக நாள் தாங்கவில்லை. பரமுவை ஆளாக்கியது நானும் என் வீட்டுக்காரர் சேதுபதியும்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் செம்பவாங்கில் வெள்ளைக்காரன் கடற்படைத் தளமான நேவல் பேஸில் எலக்ட்ரிக் பட்டறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்தான் இவனைக் கையோடு கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் கோப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டால் எழுப்ப ஆள் அனுப்ப வேண்டும். அப்படி ஒரு ஒட்டு.

அவருக்கு வேலை ஒரு குத்தகைக்காரரிடம். கப்பலில் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது. 1957இல் ஒரு நாள், கடலில் நங்கூரம் போட்டு நின்ற ஏதோ ஒரு கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்கினார். உள்ளே பெயிண்ட் வாடை மூச்சை அடைத்திருக்கிறது. ஏணியடிக்கு வந்து கத்திக் கூப்பிட்டிருக்கிறார். மேலே ஒரு கூட்டமே சுத்தியலால் தகடு தட்டிக்கொண்டிருந்தது. யார் காதிலும் விழவில்லை. அவரோடு இறங்கிப் பிழைத்து வந்த ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் அதைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. கேட்காதீர்கள்.

கருமாதி முடிந்த கையோடு பரமு என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கப்பல் அடியில இருக்கறவன் பேசுனா மேல இருக்கறவனுக்குக் கேக்கணும். அவ்வளவுதானே? அதுக்கு ஒரு பெட்டி செய்யலாம்க்கா."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "போடா! செத்தவரைப் பேச வைக்கப் போறியா?"

"இருக்கறவங்களுக்குக்கா" என்றான்.

பெரிய கப்பல்களில் அப்போதே டெலிபோன் உண்டு. ஆனால் அது காப்டனுக்கும் இன்ஜின் அறைக்கும். துரு சுரண்டுகிறவனுக்கு எவன் டெலிபோன் கொடுப்பான்? பரமு நினைத்தது அவனுக்குத்தான். இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கும்படி ஒரு சின்னப் பெட்டி, மேலே அதற்கு ஜோடியாக ஒன்று, நடுவில் நீள ஒயர், உள்ளே டார்ச்லைட் பேட்டரி. பொத்தானை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். சொல்வதற்கு எவ்வளவு சுலபம் பாருங்கள்! முதலில் செய்த பெட்டியைப் பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடிக் குழாய் வால்வு வைத்துச் செய்தான். அம்மிக்கல் கனம். அதைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவன் கூப்பிடாமலேயே அடிக்குப் போய்விடுவான்.

பிறகுதான் ஜப்பானிலிருந்து டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் வர ஆரம்பித்தன. சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில் பழைய ரேடியோ சாமான் விற்கும் முகைதீனிடம் உடைந்துபோன ஒன்று வந்திருக்கிறது. அதைத் திறந்து பார்த்துவிட்டு இவன் ஓடி வந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டுமே! மார்க்கெட் ஈரத்தில் வழுக்கி, கருவாட்டுக் கூடையில் இடித்து, மூச்சு வாங்க வந்து நின்றான். உள்ளங்கையில் மிளகு போல ஒன்று.

"அக்கா, இந்தா! வால்வு செய்யற வேலையை இது செய்யும்! இது செய்யும்க்கா!"

பின்னாலேயே முகைதீன், லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. "காசு குடுக்காம எடுத்துக்கிட்டு ஓடறான்க்கா உங்க தம்பி" என்றார். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா என்று அந்த மிளகைப் பார்த்து நானும் சொல்லிவைத்தேன். துரத்தி வந்த முகைதீன் அன்று சாயங்காலமே கூட்டாளியாகிவிட்டார்.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மாடி அறை. பெட்டி இன்னும் பேசக்கூட ஆரம்பிக்கவில்லை, அதற்குள் 'பரமசிவம் முகைதீன் எலக்ட்ரிக் கம்பெனி' என்று போர்டு மாட்டிவிட்டார்கள். பிள்ளை பெறும் முன்னே பேர் வைத்த கதை! பிழைப்புக்குக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும் ரேடியோ ரிப்பேரும் செய்தார்கள். மீதி நேரமெல்லாம் பெட்டிதான். 1966இல் பரமு நேவல் பேஸ் வேலையை விட்டான். தெருவும் நேவல் பேஸும் சேர்ந்து சிரித்தன. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டான் என்று நானே என் வாயால் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபம் வராததுதான் எனக்குக் கோபம்.

அவன் கம்பெனி நடத்திய விதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மத்தியானச் சாப்பாடு எல்லாருக்கும் ஒரே மேசை. முதலாளிக்குத் தனி நாற்காலி கிடையாது. சாப்பிடும்போது யார் வேண்டுமானாலும் பெட்டியைக் குறை சொல்லலாம். குறை சொன்னவருக்கு மீன் துண்டு கூட ஒன்று! ஆனால் ஒரே ஒரு கட்டளை இருந்தது: "பெட்டியைத் திட்டுங்க. ஆளைத் திட்டாதீங்க." இவன் என்ன கம்பெனி நடத்துகிறானா, பஜனை மடம் நடத்துகிறானா என்று நான் முணுமுணுப்பேன். மீன் சமைத்துக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1968 தை பிறந்ததும் இடி விழுந்தது. வெள்ளைக்காரன் படையைக் கட்டிக்கொண்டு கிளம்பப் போகிறான், நேவல் பேஸ் இனி இராது என்று ரேடியோவில் சொன்னார்கள். செம்பவாங் முழுக்க நம் ஆட்கள். வேலையோடு சேர்த்து வீடும் போகும். அன்றைக்குச் சிரித்த வாயெல்லாம் ஒவ்வொன்றாக மாடிப்படி ஏறி வந்தது. முதலில் வந்தவர் சுந்தரம் அண்ணன். கப்பலில் கயிறும் கப்பியும் கட்டுவதில் புலி, பக்திமான், நெற்றியில் பட்டை இல்லாமல் பார்க்க முடியாது. அவருக்குப் பின்னால் ஒரு டஜன் பேர்.

"தம்பி, எங்களுக்கு எலக்ட்ரிக் ஒண்ணும் தெரியாது" என்றார்.

"கப்பல் தெரியுமில்ல? வாங்கண்ணே" என்றான் பரமு.

அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டான்! முகைதீன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தஞ்சோங் ரூவில் கப்பல் ரிப்பேர் பட்டறை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே ஓங் ஒருவர்தான் பெட்டியைப் பார்க்கச் சம்மதித்திருந்தார். அவர் வாங்கினால் பட்டறை முழுக்கப் பெட்டி வேண்டும், அவரைப் பார்த்து மற்றவர்களும் கேட்பார்கள், வந்தவர்களுக்கெல்லாம் வேலை நிலைக்கும். அவர் வேண்டாம் என்றால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான். எல்லாம் அந்த ஒரு பெட்டியின் தலையில்.

எப்போது வருகிறாய் என்று தவுக்கே கேட்டதற்குப் பரமு விஜயதசமியைச் சொல்லிவிட்டு வந்தான். தொட்டது துலங்கும் நாள் இல்லையா! முந்தின நாள் ஆயுத பூஜை. மாடியைக் கழுவி, மாவிலை கட்டி, ஈயம் பற்றவைக்கும் கோலிலிருந்து குறடு வரை எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தார்கள். நடுவில் தவுக்கேக்குக் கொண்டுபோக வேண்டிய ஜோடிப் பெட்டி. சந்தனம் அரைக்க நான் உட்கார்ந்தேன். புதிதாக வந்தவர்களில் ஒருவர் சுந்தரம் அண்ணன் காதில் ஏதோ சொன்னார். தாலியறுத்தவள் கையால் சந்தனமா என்பதுதான் அது. எனக்கா கேட்காது? கட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

"அக்கா அரைச்சாத்தான் பூஜை. இல்லன்னா இன்னைக்குப் பூஜையே வேணாம்" என்றான் பரமு. குரலை உயர்த்தவில்லை. அரைத்தேன், கை வலிக்கிற வரைக்கும் அரைத்தேன், மை போல அரைத்தேன்.

சந்தனம் வைத்தவர் சுந்தரம் அண்ணன். ஐயோ, அந்த மனிதருடைய பக்தியை என்னவென்று சொல்வேன்! கருவிக்கு ஒரு பொட்டு வைத்தால் போதாதா? பெட்டியின் நாலு பக்கமும் வைத்தார். பேசுகிற கம்பிவலைக்கு ஒன்று, கேட்கிற கம்பிவலைக்கு ஒன்று, பொத்தானுக்கு ஒன்று, ஒயர் சொருகுகிற ஓட்டைக்கு ஒன்று. மேலே குங்குமம், அதற்கு மேலே திருநீறு. தேங்காய் உடைத்ததும் தண்ணீரையும் நாலு சொட்டுத் தெளித்தார். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பது நம் வழக்கம். யாரும் தொடவில்லை. ஒருமுறை பேசிப் பார்த்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

விடிந்ததும் லாரியில் ஏறினோம். சாப்பாட்டுக் கூடையைச் சாக்கு வைத்து நானும் ஏறிக்கொண்டேன். தஞ்சோங் ரூவில் ஒரு பழைய கப்பல் நின்றது. தகடு தட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழவில்லை. தவுக்கே ஓங் பனியனும் அரைக்கால் சட்டையுமாக வந்தார். மலாயில்தான் பேச்சு. "போலே?" என்றார், முடியுமா என்று. "போலே!" என்றான் பரமு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சுந்தரம் அண்ணன் ஒரு பெட்டியோடு அடித்தொட்டிக்கு இறங்கினார். பரமு மேலே பொத்தானை அமுக்கிப் பேசினான். பெட்டி கரகரவென்றது, உய்ங் என்று ஊளையிட்டது, அப்புறம் ஒன்றுமே இல்லை. மறுபடி அமுக்கினான். மறுபடி ஊளை. போச்சுடா! வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்துவிட்டது. அடியிலிருந்து சுந்தரம் அண்ணன் ஏணி வழியாக ஏறிவந்து, "ஒண்ணும் கேக்கலை தம்பி" என்றார்.

பரமு அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தான். உள்ளே வலைக்குப் பின்னால், பொத்தானுக்கு அடியில், எங்கும் ஈரச் சந்தனம். மணம் வேறு கமகமவென்று! சுந்தரம் அண்ணனுடைய முகம் செத்துவிட்டது. காதில் ஓதிய அந்த ஆள் விடுவாரா? "அப்பவே சொன்னேன், அந்தச் சந்தனம் ஆகாதுன்னு" என்றார், என் காதில் விழும்படியே.

சாப்பாட்டுக் கூடையைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பேன், சத்தியமாகக் கவிழ்த்திருப்பேன். பரமு தலையைத் தூக்காமலே சொன்னான்: "பெட்டியைத் திட்டுங்க. ஆளைத் திட்டாதீங்க." அப்புறம் எழுந்து தவுக்கேயிடம் போனான். இதைக் கேளுங்கள்! வேறு ஒருவனாக இருந்தால், வேலைக்காரன் கெடுத்துவிட்டான், துடைத்துவிட்டு இன்னொரு தடவை காட்டுகிறேன் என்று கெஞ்சியிருப்பான். துடைத்திருந்தால் பெட்டி பேசியும் இருக்கும். இவன் என்ன சொன்னான் தெரியுமா?

"தவுக்கே, இந்தப் பெட்டியை வாங்காதீங்க."

முகைதீன் "யா அல்லாஹ்!" என்று அலறியே விட்டார்.

"நாங்க சாமி கும்பிட்டு ஒரு பொட்டுச் சந்தனம் வெச்சோம். அதையே இந்தப் பெட்டி தாங்கலை. உங்க கப்பல்ல உப்புத் தண்ணி இருக்கு, எண்ணெய் இருக்கு, ஆளோட வேர்வை இருக்கு. அடியில ஒருத்தன் மூச்சு முட்டிக் கூப்பிடற நேரத்துல இது ஊளையிட்டா என்ன ஆகும்? வேற பெட்டி கொண்டாறேன். அதைக் கடல்ல முக்கிப் பாத்துட்டு வாங்குங்க."

தவுக்கே பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "விற்கிறவனே வாங்காதேன்னு சொல்லி நான் கேட்டதில்லை லா" என்றார். சிரிக்கவில்லை. "கொண்டா. பாக்கறேன்."

லாரியில் திரும்பும்போது சுந்தரம் அண்ணன் வழியில் இறங்கிக்கொள்கிறேன் என்றார். இனி இந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படி வருவேன் என்று அழுதார், அவ்வளவு பெரிய ஆள். பரமு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, எங்கெங்க ஓட்டை இருக்குன்னு எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒண்ணு விடாம சந்தனம் வெச்சிருக்கீங்களே! இனிமே பெட்டியைச் சோதிக்கிற வேலை உங்களோடது." அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். லாரியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கோபத்தோடுதான்.

அதற்கப்புறம் டன்லப் ஸ்திரீட் மாடியில் நடந்த கூத்து இருக்கிறதே! சைக்கிள் டியூபை வெட்டி மூடிக்கு வளையம் போட்டார்கள். பொத்தானுக்கு முகைதீன் ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் புட்டியின் ரப்பர் சூப்பானை வாங்கி வந்து மேலே மாட்டினார். அச்சு வார்த்த மாதிரி பொருந்தியது! கல்யாணம்கூட ஆகாத மனிதர் கடை கடையாய்ப் போய்ச் சூப்பான் கேட்டதைத் தேக்காவே பேசிச் சிரித்தது. உள்ளே மெழுகு ஊற்றினார்கள், வெயிலில் வைத்ததும் உருகி ஓடியது. கப்பல் ஓட்டை அடைக்கும் கெட்டிப் பசையை ஊற்றிப் பார்க்கலாம் என்றார் செம்பவாங்கிலிருந்து வந்தவர்களில் ஒருவர். யார் என்கிறீர்கள்? காதில் ஓதினாரே, அவரேதான்! அது நின்றது. அன்று மத்தியானம் அவருக்கு ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தேன். சட்டம் என்றால் சட்டம். மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

ஒவ்வொரு பெட்டியையும் சுந்தரம் அண்ணன் சந்தனத்தால் மெழுகினார், குங்குமத்தைக் குழைத்து அப்பினார், தேங்காய்த் தண்ணீரில் முழுக்காட்டினார். ஊளையிட்டால் திரும்பப் பிரி. அரைக்க அரைக்கச் சந்தனம் பற்றவில்லை. என் மசாலாக் கடையில் சந்தனத்துக்கென்றே இரண்டாவது கல் போட வேண்டியதாயிற்று.

தீபாவளி கழிந்து மறுபடியும் தஞ்சோங் ரூ. அரைத்த சந்தனத்தைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வரச் சொன்னான் பரமு. என்னையே பூசச் சொன்னான், அத்தனை பேர் முன்னாலும். பூசினேன். தவுக்கே ஓங் அதோடு விடுவாரா? வாளியில் கடல் தண்ணீர் எடுத்துவரச் சொல்லிப் பெட்டிகள் இரண்டையும் உள்ளே போட்டார். எடுத்து, தானே மேல்தளத்திலிருந்து தகட்டின் மேல் தொப்பென்று ஒன்றைப் போட்டார். முகைதீன் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் தகடு தட்டுகிறவர்களைப் பார்த்துக் கைகாட்டினார். நிறுத்தச் சொல்லி அல்ல. இன்னும் பலமாகத் தட்டச் சொல்லி!

இந்தத் தடவை அடித்தொட்டிக்குப் பரமுவே இறங்கினான். வேண்டாம்டா என்று வாய் வரை வந்தது. அதற்குள் சந்தனம் வழிகிற மேல்பெட்டியை என் கையில் திணித்துவிட்டு இறங்கிவிட்டான். அவன் தலை இருட்டுக்குள் மறைந்தது. சுத்தியல் சத்தம் காதைப் பிளந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கப்பலில் இப்படித்தானே தட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தேன். கூப்பிட்ட குரல் இந்தச் சத்தத்தில்தானே போயிற்று.

கையிலிருந்த பெட்டி பேசியது.

"அக்கா... கேக்குதா?"

பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி! மூச்சுவிடுவதுகூடக் கேட்டது! முகைதீன் குதித்தார், சுந்தரம் அண்ணன் "முருகா!" என்று கத்தினார், தவுக்கே ஓங் தலையைத் தலையை ஆட்டினார். நான் அந்த ரப்பர் சூப்பானை அமுக்கினேன். சந்தனத்தில் விரல் வழுக்கியது. மறுபடி அமுக்கினேன்.

"கேக்குதுப்பா, நல்லாக் கேக்குது" என்றேன். "மேலே வா."

அவன் ஏறி வந்தான். அன்றைக்குத் தவுக்கே கைகொடுத்ததும், செம்பவாங்கிலிருந்து வந்தவர்கள் பரமுவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியதும், மாடி அறை போதாமல் இந்த வருஷம் காலாங்கில் ஒரு பட்டறை எடுத்திருப்பதும் நீங்களே விசாரித்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை. அந்தப் பட்டறையில் இப்போது சீனப் பெண்பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். வெளியே போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் சுந்தரம் அண்ணன் மேற்பார்வையில் சந்தனம் பூசுகிறார்கள். பூசியபின் ஒருத்தி அடுத்த அறைக்கு ஒரு பெட்டியை எடுத்துப்போய் "அக்கா, கேக்குதா?" என்று தமிழில் கேட்கிறாள். "கேக்குது, மேலே வா" என்று இந்தப் பக்கம் நிற்கிறவள் பதில் சொன்ன பிறகுதான் பெட்டியைக் கட்டுகிறார்கள். அந்த அறை இருப்பது தரைமட்டத்தில்தான், மேலே வருவதற்கு ஏணி ஒன்றும் இல்லை. ஆனாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பரமு வைத்திருக்கிறான். நானும் வாரத்துக்கு ஒரு நாள் சந்தனம் கொடுக்கிற சாக்கில் போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டு வருகிறேன்.